மோட்டார்ஹோமில் கடற்கரை நகரம்: வண்டியை எங்கே விடுவது, ஊரை எப்படிச் சுற்றுவது

மோட்டார்ஹோம் என்றால் படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. அதை ஓட்டவும், கேஸ், தண்ணீர், பேட்டரி மூன்றையும் கையாளவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அவை எந்தப் பயணத்துக்கும் பொது. கடற்கரை நகரத்தில் மட்டும் புதிதாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

படி 1: தங்கும் இடத்தைப் பேருந்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் முதலில் தேடுவது ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற இடம். அதைவிட, ஊருக்கு வெளியே, பேருந்து அல்லது ரயில் நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சாதாரண முகாம்தான் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) நல்லது என்பேன். துறைமுக நகரங்களின் பழைய பகுதி கார் வருவதற்கு முன்பே உருவானது. அங்கே மோட்டார்ஹோமை நுழைத்தால் பார்க்க வந்த ஊரைப் பார்க்க முடியாது, கண்ணாடியையும் சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தாலி போன்ற நாடுகளில் நகர மையத்துக்குள் அனுமதியில்லாத வண்டி போனால் கேமராவே பிடித்து அபராதம் அனுப்பிவிடும்.

இடம் தேட பார்க்ஃபோர்நைட், ஐஓவர்லேண்டர் இரண்டு செயலிகளும் போதும். அங்கே நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், கடைசியாக எழுதிய நாலைந்து பேர் சொல்வதைப் படியுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலை வெளிச்சத்தில்தான் கடற்கரை நகரம் அழகு. கடைசிப் பேருந்து ஏழு மணிக்கே போய்விடும் என்றால் அந்த முகாம் வேண்டாம்.

படி 2: உயரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

எனக்குப் பிடிபட அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

வண்டியின் ஆவணத்தில் இருப்பது தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த உயரம். அதன்பின் கூரையில் சோலார் பலகை, ஏசி, ஆன்டெனா என்று ஏதாவது ஏறியிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கூரையில் எது மிக உயரமோ அதன்மேல் நீளமான மரச்சட்டம் ஒன்றை வெளியே நீட்டி வையுங்கள். ரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சமப்படுத்தி, அதன் நுனியிலிருந்து தரை வரை டேப் பிடியுங்கள். வந்த அளவோடு 10 செ.மீ. கூட்டி, ஓட்டும்போது கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். அடிக் கணக்கிலும் எழுதுங்கள். அமெரிக்காவில் பாலத்துப் பலகைகள் அடி, அங்குலத்தில்தான் இருக்கும்.

கடற்கரையில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? கடலோர பார்க்கிங் பலவற்றில் நுழைவாயிலுக்குக் குறுக்கே உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். பெரும்பாலும் 2 மீட்டர் அளவில். மோட்டார்ஹோம்கள் இரவு தங்கக் கூடாது என்பதற்காகவே பல இடங்களில் அதை வைக்கிறார்கள். நம் வண்டியோ 3 மீட்டரை ஒட்டி இருக்கும். சாதாரண வழிகாட்டிச் செயலி பார்க்கிங் என்று மட்டும் காட்டும், கம்பியைக் காட்டாது. ஆஸ்ம்அண்ட் என்ற வழிகாட்டிச் செயலியில் வண்டியின் உயரத்தையும் எடையையும் கொடுக்கலாம், அதற்கேற்ப வழி போடும். ஆனால் அதன் வரைபடம் பொதுமக்களே பதிவது, யாரோ ஒருவர் தடுப்பின் உயரத்தைப் பதிந்திருந்தால்தான் அதற்கும் தெரியும். அதனால் கிளம்புமுன் நுழைவாயிலின் தெருப் படத்தை இணைய வரைபடத்தில் கண்ணால் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இன்னொன்று: சில கம்பிகள் கதவு போலத் திறந்து மூடுபவை. பகலில் திறந்திருக்கும், இரவில் பூட்டிவிடுவார்கள். உள்ளே போகும்போது ஒன்றும் தெரியாது. கம்பத்தில் கீலும் பூட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், பூட்டும் நேரத்தைப் பலகையில் படியுங்கள்.

படி 3: கடல் ஏறும் நேரம்

மணலுக்குப் பக்கத்திலோ படகுத்துறை அருகிலோ நிறுத்துவதாக இருந்தால் அந்த ஊரின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று பார்த்த நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே வரும். நேற்று நனையாத இடம் இன்றும் நனையாது என்று நம்ப வேண்டாம். மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஏற்ற இறக்கம் குறைவு, அங்கே இந்தக் கவலை பெரிதாக இல்லை.

படகில் வண்டியை ஏற்றுவதானால் இதே அட்டவணை இன்னொரு வகையில் உதவும். கடல் இறங்கியிருக்கும்போது ஏற்றுப்பலகையின் சரிவு கூடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீண்ட வண்டிகளின் வால் தரையில் உரசும். ஏற்றிவிடும் பணியாளரிடம் முன்கூட்டியே சொன்னால் கட்டைகள் வைத்து உதவுவார்கள். ஏறுமுன் கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

மணலில் இறக்கவே இறக்காதீர்கள். ஃபியட் டுகாட்டோ வேனின் அடித்தளத்தில் கட்டிய மோட்டார்ஹோம்களில் இழுப்பது முன்சக்கரம், எடையோ பின்னால். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், முன்சக்கரங்களுக்குக் கீழே பிடிப்புக்கான மேட் போட்டு மெதுவாக வெளியே வாருங்கள்.

படி 4: ஊருக்குள்

பாஸ்போர்ட், பணம் கையோடு இருக்கட்டும். முன்கண்ணாடி வழியாக எதுவும் தெரியாதபடி வையுங்கள். எல்லோரும் குளிக்கப் போயிருப்பார்கள் என்று தெரிந்தே கடற்கரை பார்க்கிங்கைக் குறிவைப்பவர்கள் உண்டு.

அப்புறம் நடை. கடற்கரைச் சாலையின் அந்தக் கடைசி வரை பேருந்தில் போய்விட்டு, அங்கிருந்து முகாம் பக்கமாக நடந்து வாருங்கள். களைத்துப்போகும் நேரத்தில் வண்டி பக்கத்தில் இருக்கும். மேடான இடம், கோட்டை, கலங்கரை விளக்கம் என்று ஏதாவது இருந்தால் முதல் நாளே ஏறிவிடுங்கள். மேலிருந்து ஒருமுறை பார்த்தால் துறைமுகம், பழைய ஊர், மணற்கரை எல்லாம் எப்படி அமைந்திருக்கின்றன என்று மனதில் பதிந்துவிடும், பிறகு வரைபடமே வேண்டியிருக்காது. துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் படகு இருந்தால் அதில் கட்டாயம் போங்கள். சுற்றுலாப் படகைவிட அதைத்தான் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன், ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஊரைக் கடலிலிருந்து பார்க்கலாம்.

சைக்கிள் வேண்டுமானால் மடக்கு சைக்கிள். பின்னால் ரேக் மாட்டினால் வண்டியின் நீளம் கூடும், சங்கிலியும் உப்புக் காற்றில் துருவேறும்.

படி 5: கிளம்பும்போது

டாய்லெட் கேசட்டையும் (கழிப்பறைக்குக் கீழே கழற்றி எடுக்கும் தொட்டி) கழுவுநீர்த் தொட்டியையும் அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். தெருவோர மழைநீர்க் கால்வாய் பல ஊர்களில் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே கடலுக்குத்தான் போகிறது. நாம் குளித்த அதே கடல். இதில் சமரசமே கூடாது.

கடலை விட்டு விலகியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிரேக், படிக்கட்டு, போல்ட்டுகளில் ஒட்டிய உப்பு போக வேண்டும். பிரஷர் வாஷரை ஃப்ரிட்ஜின் காற்றுத் துவாரத்திலோ ஜன்னல் ரப்பரிலோ காட்டாதீர்கள்.

பின்சேர்க்கை: கடற்கரையில் நிறுத்தினால் மட்டும் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓட மறுக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பலமான காற்று வெளித்துவாரம் வழியாகப் புகுந்து உள்ளே எரியும் சிறு சுடரை அணைத்துவிடும். பெரும்பாலும் பிற்பகலில் கடலிலிருந்து அடிக்கும் காற்றில்தான் இது நடக்கும். துவாரத்தை அடைக்காதீர்கள், அது ஆபத்து. வண்டியைத் திருப்பி, துவாரம் இருக்கும் பக்கம் கரையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். தரை சாய்வாக இருந்தாலும் இந்த வகை ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது. அதனால் கட்டை வைத்து மட்டம் பார்த்த பிறகு ஃப்ரிட்ஜைப் போடுங்கள்.