கென்யக் கவுன்டி டெண்டர்: கையெழுத்தாகும் முன் சரக்கை இறக்காதீர்கள்

கென்யாவின் 47 கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அரசுகளும் மாத்திரை முதல் சாலை வரை எதை வாங்கினாலும், 2015-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் மற்றும் சொத்து அகற்றல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அதை மீறும்போது அடி முதலில் விழுவது சிறு வியாபாரி தலையில்தான் என்பதால், அவர் பக்கமிருந்தே தொடங்குகிறேன்.

டெண்டர் கிடைத்ததாக அறிவிப்புக் கடிதம் வந்ததும் கடன் வாங்கிச் சரக்கை இறக்கிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. எழுத்துமூல ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும்வரை ஒப்பந்தம் என்ற ஒன்றே கிடையாது என்கிறது 135-வது பிரிவு. அந்தக் கையெழுத்தையும் அறிவிப்பு வந்து 14 நாள் கழியாமல் போட முடியாது. தோற்றவர்கள், கொள்முதல் முறையீடுகளை விசாரிக்கும் மறுஆய்வு வாரியத்தில் முறையிடுவதற்கான அவகாசம் அது. யாராவது முறையிட்டால் கொள்முதல் அப்படியே நிற்கும். வாரியம் 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்களுக்குக் கொடுத்த டெண்டரை ரத்துசெய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. அதற்குள் உங்கள் கையுறைப் பெட்டிகள் கவுன்டி மருத்துவமனைக் கிடங்குக்குப் போயிருந்தால், பணம் கேட்க உங்கள் கையில் காகிதம் இருக்காது. “அவசரம், முதலில் இறக்குங்கள், பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று போனில் சொன்ன அதிகாரி அடுத்த மாதம் மாற்றலாகிப் போகலாம். தேர்தல் முடிந்து கவுன்டிக்குப் புதிய ஆளுநர் (அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்) வந்தால், பழைய பில்களைச் சரிபார்க்கக் குழு போடுவார்கள். அப்போது முதலில் ஒதுக்கப்படுவது ஒப்பந்தம் இல்லாத பில்தான். கையெழுத்தான ஒப்பந்தத்தின் பிரதி வராமல் லாரியை அனுப்பாதீர்கள்.

நிலுவைப் பில்கள் இப்படிக் குவிவதில் அதிகாரிகளின் பங்கும் பெரிது. போதிய நிதி ஒதுக்கியிருப்பது உறுதியாகாமல் கொள்முதலைத் தொடங்கவே கூடாது என்கிறது 53-வது பிரிவு. வருமானம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் டெண்டர் விடுவது, அடுத்தவர் காசில் அரசு நடத்துவதற்குச் சமம்.

வாங்குவதைக் கூறுபோடுவது இன்னொரு தவறு. 70 லட்சம் ஷில்லிங்குக்குக் கட்டில் வேண்டும். யாரும் போட்டியிடக்கூடிய திறந்த டெண்டருக்குப் போகாமல், சில வியாபாரிகளிடம் மட்டும் விலைப்புள்ளி கேட்டு வாங்கும் வரம்புக்குள் அடங்கும்படி மூன்று ஆர்டராகப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முறையைத் தவிர்ப்பதற்காகப் பிரிப்பதை 54-வது பிரிவு நேரடியாகவே தடைசெய்கிறது. தணிக்கையில் தேதிகளையும் சப்ளையர் பெயரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும்.

ஒப்பந்தத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டுப் பிறகு ஊதவைப்பதும் நடக்கிறது. கையெழுத்தான முதல் 12 மாதத்துக்குள் விலையை உயர்த்த இடமில்லை. அளவு மாற்றத்துக்கும் வரம்பு உண்டு: பொருளுக்கு 15 சதவீதம், கட்டுமானப் பணிக்கு 20. எல்லா மாற்றங்களும் சேர்ந்து மூல மதிப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் குறைந்தது 30 சதவீதக் கொள்முதலை ஒதுக்க வேண்டும். இந்த ஒதுக்கீட்டுக்கு நீங்கள் தகுதியானவர் என்று காட்டும் சான்றிதழைப் பெரிய ஒப்பந்தக்காரருக்கு இரவல் கொடுக்காதீர்கள். லாபம் அவருக்குப் போகும், காகிதத்தில் பொறுப்பு உங்கள் பெயரில் நிற்கும்.

டெண்டரில் எழுதும் விலையைக் கணக்கிடும்போது கவனம் தேவை. டெண்டர் திறப்பின்போது வாசிக்கப்பட்ட தொகையே இறுதியானது என்கிறது 82-வது பிரிவு. ஒரு பூஜ்யம் விட்டுப்போனதென்று பிறகு போய் நிற்பதில் பயனில்லை.

தோற்றுப்போனவர்கள் செய்யும் தவறு, அலுவலகத்துக்கு நடையாய் நடந்து நாளைக் கடத்துவது. காரணம் கேட்டு எழுதுங்கள். ஆனால் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். முறையீட்டுக்கான 14 நாள், அறிவிப்பு வந்த தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.