நோ டியூ படிவத்தில் இரண்டு வரி சேருங்கள்

முன்னாள் மாணவர்களோடு கல்லூரியின் தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க ஒரு வழி: பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் டி.சி. வாங்க நிரப்பும் நோ டியூ (பாக்கி எதுவும் இல்லை) படிவத்திலேயே சொந்த ஜிமெயில் முகவரியையும் அம்மா அல்லது அப்பாவின் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் முடங்கிவிடும். பெங்களூரு, துபாய் என்று போனால் சிம்மும் மாறும். ஊரில் இருக்கும் அம்மாவின் எண் அவ்வளவு சுலபத்தில் மாறாது. நூலகம், விடுதி, ஆய்வகம் என்று கையெழுத்துக்கு அலையும் அந்த நாளைத் தவறவிட்டால், அப்புறம் ஒவ்வொருவராகத் தேட வேண்டியதுதான். எதற்காகக் கேட்கிறோம் என்று படிவத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். முதல் அழைப்பு நன்கொடைக்காக இருக்கவே கூடாது.

பத்து வருடம் முன்பு முடித்தவர்களுக்கு இது உதவாது. அவர்களுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நடத்துபவரைப் பிடியுங்கள்.