ஸ்பானிய எஸ்குடோ வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

ஸ்பெயின் தன் அமெரிக்கக் காலனிகளில் அடித்த 8 எஸ்குடோ தங்க நாணயம் சுமார் 27 கிராம் இருக்கும். தராசில் அந்த எடை வந்துவிட்டால் அசல்தான் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அது போதாது. 19-ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு, கனமும் அதிகம். அதில் போலி அடித்து முலாம் பூசி ஏமாற்றினார்கள். எடையோடு விட்டம், தடிமன், எழுத்துகளின் வடிவம் எல்லாவற்றையும் அசல் நாணயத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கத்தின் தரமும் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றல்ல. முதலில் 22 காரட். 1772-இல் சற்றுக் குறைத்தார்கள், 1786-இல் 21 காரட்டுக்கு இறக்கினார்கள். ஆகவே 1790-இல் அடித்ததற்கு 22 காரட் கணக்கில் விலை பேசாதீர்கள்.

அப்புறம், மூழ்கிய கப்பல் கதைகள். தங்கம் கடல்நீரில் அரிக்காது என்பதால், நாணயத்தைப் பார்த்து மட்டும் அது கடலில் கிடந்ததா என்று சொல்வது கடினம். மீட்டெடுத்தவர்களின் ஆவணம் இல்லாமல் கதைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். மெக்சிகோவில் தங்க நாணயம் அடிக்கத் தொடங்கியதே 1679-இல்தான். 1622-இல் மூழ்கிய அட்டோச்சா கப்பலில் கிடைத்த மெக்சிகோ எஸ்குடோ என்று யாராவது நீட்டினால் அது பொய். 1715 ஜூலையில் ஃப்ளோரிடா கரையோரம் புயலில் சிக்கிய கப்பல்களில் இருந்தது என்றால் நடக்கக்கூடியதுதான், அதற்கும் ஆவணம் கேளுங்கள்.

அசலைப் போலி என்று ஒதுக்குவதும் நடக்கிறது, எனக்கு அதுதான் அதிக வருத்தம். இன்றைய கொலம்பியாவில் உள்ள பொகோட்டா, பொப்பயான் நாணயச்சாலைகளில் 1808-க்குப் பிறகு ஸ்பெயின் அரசர் ஏழாம் ஃபெர்னாண்டோவின் பெயரைப் பொறித்தாலும், 1820 வரை அவருடைய அப்பா நான்காம் கார்லோஸின் முகத்தையே போட்டு அடித்தார்கள். பெயரும் முகமும் பொருந்தாதது அங்கே பிழையே அல்ல. சுத்தியலால் அடித்த பழைய கோப் நாணயங்கள் கோணல்மாணலாக, ஆண்டு தெரியாமல் இருப்பதும் இயல்பு.

விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நகையாக மாட்டியிருந்த நாணயத்தில் வளையத்தைப் பற்றவைத்த தடமோ அடைத்த துளையோ இருக்கும், அதற்கு விலை நன்றாகக் குறையும். வாங்கிய பிறகு பாலிஷ் போடவே கூடாது. நகைக்கடையில் உரைகல்லில் உரைக்கவும் விடாதீர்கள்; அந்தத் தேய்மானத்தைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.