ரெக்ஸ் முயல் வளர்ப்பு: தரையிலிருந்து தொடங்குங்கள்

ரெக்ஸ் முயலை ஒருமுறை தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த மென்மை மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் வெல்வெட் துணி என்றுதான் சொல்வோம். மற்ற முயல்களுக்குக் குட்டையான உள்ரோமமும், அதைத் தாண்டி வளரும் சற்று முரடான மேல்ரோமமும் இருக்கும். ரெக்ஸுக்கு அந்த மேல்ரோமம் உள்ரோமத்தின் உயரத்தோடு நின்றுவிடுகிறது. மொத்த உயரமே ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். மீசை முடிகூடக் குட்டையாகச் சுருண்டிருக்கும்.

1919இல் பிரான்சில், சாதாரண ரோமமுள்ள முயல்களுக்குப் பிறந்த குட்டிகளிடையே இந்த மாற்றம் முதலில் கண்ணில் பட்டது. ஜிலே என்ற பாதிரியார் அந்தக் குட்டிகளை வைத்து இனத்தைப் பெருக்கினார். 1924இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த பிறகு உலகெங்கும் பரவியது. வளர்ந்த முயல் மூன்றரை கிலோவிலிருந்து ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மினி ரெக்ஸ் என்பது வேறு இனம், அது இரண்டு கிலோ அளவில் நின்றுவிடும். வாங்கும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரெக்ஸ் சாதுவான இனம், முதல்முறை வளர்ப்பவர்களுக்கும் ஏற்றது. ஆனால் அதன் அழகு எதுவோ, அதுவே அதன் பலவீனமும். நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தை போன்ற சதை உண்டு. முயலுக்கு அது கிடையாது, பாதத்து ரோமம்தான் மெத்தை. ரெக்ஸுக்கு அந்த ரோமமும் குட்டை, மெல்லியது. உடல் எடையோ நான்கு கிலோ. எனவே கூண்டு, தீவனம் எல்லாவற்றுக்கும் முன்னால் அது எதன்மேல் நிற்கப்போகிறது என்று யோசியுங்கள்.

படி 1: தரையைத் தயார் செய்யுங்கள்

கம்பி வலைத் தரை வேண்டவே வேண்டாம். புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்ய எளிது என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் என் முதல் ரெக்ஸைக் கம்பித் தரைக் கூண்டில் விட்டேன். மூன்றாவது மாதம் அது ஒரு காலை ஊன்றாமல் நின்றது. தூக்கிப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, ஓரிடத்தில் புண்ணாகியிருந்தது. ஆற இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் அது வலியோடு உட்கார்ந்திருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் முயலுக்கு அது வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை முதல் படியாக வைத்திருக்கிறேன்.

சமதளமான, கெட்டியான தரை போதும். அதன்மேல் துவைக்கக்கூடிய விரிப்போ பாயோ போடுங்கள். ஓய்வெடுக்கும் மூலையில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்புங்கள். வழவழப்பான டைல்ஸில் மட்டும் விட்டால் கால் வழுக்கும். முயல் பயந்துபோய் ஒரே இடத்தில் குறுகி உட்கார்ந்துவிடும். விரிப்பைக் கடித்து நூலை விழுங்குகிற முயலாக இருந்தால் பாய்க்கு மாறிவிடுங்கள். ஈரம் எங்கே இருந்தாலும் அன்றன்றே மாற்றவும், ஏனென்றால் நனைந்த பாதம் சீக்கிரம் புண்ணாகும்.

படி 2: இடம் கொடுங்கள்

ஓடவும், நீட்டிப் படுக்கவும், பின்னங்காலில் எழுந்து நிற்கவும் இடம் வேண்டும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் கிடைத்தால் நல்லது. சிறிய கூண்டில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் எடை முழுவதும் குதிகாலில் இறங்கும். அதைவிட, மடக்கு வேலியால் அறையின் ஒரு பகுதியைத் தடுத்துக் கொடுக்கலாம். மின்கம்பிகளை முயலின் பல்லுக்கு எட்டாமல் மறைத்துவிடுங்கள். இரண்டு வழியுள்ள அட்டைப்பெட்டி ஒன்று வைத்தால் பயப்படும்போது ஓடி ஒளிந்துகொள்ளும்.

முயலால் வெயிலைத் தாங்க முடியாது. அது உடல்சூட்டைக் காதுகள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. அறை 25 டிகிரியைத் தாண்டினாலே கவனம் வையுங்கள். நிழல், காற்றோட்டம், படுத்துக்கொள்ள ஒரு குளிர்ந்த கல் பலகை இருந்தால் உதவும்.

படி 3: உலர்புல்லைப் பழக்குங்கள்

முயல் என்றாலே கேரட் என்று மனதில் பதிந்திருக்கும். உண்மையில் அதன் உணவில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாகவும் உலர்புல்லாகவும் இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், நார்மிக்க புல்லை மென்றால்தான் தேயும். குடலும் அந்த நாரால்தான் ஓடுகிறது. வைக்கோலும் உலர்புல்லும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். வைக்கோல் கதிர் அறுத்த பின் மிஞ்சும் தாள், அதில் சத்து குறைவு, படுக்கைக்குச் சரி. சாப்பிடக் கொடுக்க வேண்டியது பசுமையோடு காயவைத்த புல்.

உலர்புல் எந்நேரமும் இருக்கட்டும். பெல்லட் தீவனம், அதாவது சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த தீவனம், முயலின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். உடம்பு பெருத்தால் பாதிப்பு மறுபடியும் பாதத்துக்குத்தான். கொத்தமல்லி, புதினா போன்ற கீரைகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்துங்கள். கேரட்டும் பழமும் சர்க்கரை நிறைந்தவை, எப்போதாவது ஒரு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, அவகேடோ, சாக்லேட் எதுவும் கூடாது. தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள், பாட்டிலைவிட அதில்தான் தாராளமாகக் குடிக்கும்.

அப்புறம், திராட்சைக் கொத்து போல மென்மையான ஒரு வகைப் புழுக்கையை முயல் நேரே வாயால் எடுத்துத் தின்னும். பயப்பட வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். முதல் சுற்றில் கிடைக்காத சத்தை அது இப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

படி 4: முதல் வாரம், நீங்களும் தரையில்

முயலைக் கொண்டுவந்ததும் தூக்கிக் கொஞ்ச ஆசை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரையாகப் பிறந்த விலங்கு அது. மேலிருந்து கை இறங்கினால் பருந்து இறங்குவது போலத்தான் அதற்கு இருக்கும்.

முதல் இரண்டு நாள் அதன் போக்கில் விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து, மாலையில் அரைமணி நேரம் வேலிக்குள் தரையில் சும்மா உட்காருங்கள். புத்தகம் படிக்கலாம். முயலைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். அது மெல்ல வந்து முகரும், முட்டியில் மூக்கால் இடிக்கும், தாடையைத் தேய்க்கும். தாடைக்கடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. தேய்த்தால் உங்களைத் தன்னுடையதாகக் குறித்துக்கொண்டது என்று அர்த்தம். ரெக்ஸிடம் இது சில நாட்களிலேயே நடக்கலாம், சில முயல்களுக்கு ஒரு மாதமும் ஆகலாம்.

தொடும்போது நெற்றியில் தொடங்குங்கள். மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது, அதனால் பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோங்கள். பல்லை மெதுவாக நறநறத்தால் சுகமாக இருக்கிறது. உரக்கக் கடித்தால் வலி. பின்னங்காலால் தரையைத் தட்டினால் எதையோ கண்டு பயந்திருக்கிறது.

படி 5: தூக்கும் முறை

ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்பகுதியை முழுவதுமாகத் தாங்கியபடி, உங்கள் உடலோடு அணைத்துத் தூக்குங்கள். காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது. பின்பகுதி தொங்கினால் முயல் பயத்தில் உதைக்கும். அந்த உதையின் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் முயலோடு பழக வேண்டும்.

படி 6: ரோமமும் பாதமும்

ரோமத்துக்கு அதிக வேலை இல்லை. சீப்பால் இழுக்காதீர்கள், நுனி உடைந்து அந்த வெல்வெட் தோற்றம் கெடும். ஈரக்கையால் தடவினால் உதிர்ந்த முடி கையோடு வந்துவிடும். குளிப்பாட்ட வேண்டாம்.

பாதத்தை வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பயந்த முயலை மல்லாக்கப் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள். வயிற்றைத் தரையில் ஒட்டிப் பின்னங்காலை நீட்டிப் படுத்திருக்கும்போது உள்ளங்கால் தானாகவே தெரியும், அந்த நேரத்தில் குனிந்து பாருங்கள். குதிகாலில் சின்னதாக ரோமம் இல்லாத, காய்ப்பு போன்ற இடம் ரெக்ஸுக்குப் பரவலாக உண்டு. அது மட்டும் இருந்தால் விரிப்பை இன்னும் மெத்தென்று ஆக்கிக் கவனித்து வாருங்கள். சிவப்பு, பளபளப்பு, வீக்கம், பொருக்கு, இரத்தம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். நகம் நீண்டால் எடை பின்னோக்கிக் குதிகாலில் சாயும், ஆகவே மாதம் ஒருமுறை நகத்தைப் பார்த்து, உள்ளே ஓடும் இரத்த நரம்பைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள்.

படி 7: துணையும் அறுவைச் சிகிச்சையும்

முயல் தனியாக வாழப் பிறந்ததல்ல. கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் நல்ல ஜோடி. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான் என்பதால் கருத்தடை இல்லாமல் ஒன்றாக விடாதீர்கள். ஆணுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பிறகும் சில வாரம் கருவுறச் செய்யும் திறன் இருக்கும். பெண் முயலுக்கு வயதாகும்போது கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், அதையும் இந்தச் சிகிச்சை தடுக்கிறது.

படி 8: அவசரத்தை அறிந்துகொள்ளுங்கள்

முயல் நோயை மறைக்கும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் குடல் நின்றிருக்கலாம். அது நாளைவரை காத்திருக்கும் விஷயமல்ல. முயலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்று முயல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். மனிதருக்கோ நாய்க்கோ கொடுத்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்; அமாக்ஸிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் உயிருக்கே ஆபத்து.

மருத்துவரிடம் கிளம்பும்போது, முயல் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் அது பழகிய துண்டை விரித்து, ஒரு பிடி உலர்புல் வையுங்கள். துணை முயல் இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள்.