‘அக்ரிமெண்ட்ல தொண்ணூறு போட்டுக்கலாம் தம்பி’: பெங்களூரில் வீட்டுக்கடன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமமூர்த்தி நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்கு 72 லட்சம் பேசி முடித்திருந்தான் என் சித்தப்பா மகன். கையிருப்பு 5 லட்சத்தைத் தாண்டாது. லோன் ஏஜென்ட் கிருஷ்ணகிரிக்காரர், தமிழில் பேசினார். பாதி நம்பிக்கை அதிலேயே வந்துவிட்டது. “அக்ரிமெண்ட்ல தொண்ணூறு போட்டுக்கலாம் தம்பி. வேல்யுவர் நமக்குத் தெரிஞ்சவர்தான். எண்பது பர்சென்ட் போட்டா எழுபத்திரண்டு. மொத்தத்தையும் பேங்க்கே குடுத்துடும்” என்றாராம். “எல்லாரும் பண்றதுதானாமே அண்ணே?” என்று எனக்குப் போன் செய்தான்.

பலரும் செய்வதுதான். கணக்குப் போட்டுப் பார்க்காமல் செய்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90% வரை போகலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை (சின்ன வீடுகளுக்குத் தவிர) இந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது. ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் (வேல்யுவர்) சொல்லும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றை மட்டும் ஏற்றிப் பயனில்லை. ‘வேல்யுவர் தெரிஞ்சவர்’ என்ற பேச்சு அங்கேதான் வருகிறது.

இப்போது கணக்கு. நேர்வழியில் போனால் 72 லட்சம் வீட்டுக்குக் கடன் 57.6 லட்சம். 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 50,000. ஏற்றி வாங்கினால் கடன் 72 லட்சம், இ.எம்.ஐ. சுமார் 62,500. கூடுதலாக வாங்கிய 14.4 லட்சத்துக்கு 20 வருடத்தில் கட்டுவது ஏறக்குறைய 30 லட்சம். கிரயப் பத்திரத்திலும் 90 என்று போட்டால், இல்லாத 18 லட்சத்துக்கும் சேர்த்து முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம். விற்பவருக்கோ வராத பணத்துக்கு மூலதன ஆதாய வரி. அதை அவர் சும்மா விடமாட்டார், உங்களிடம்தான் கேட்பார்.

இன்னொரு சிக்கல். 90 லட்சம் வீட்டுக்கு 72 லட்சம் கடன் என்றால் மீதி 18 லட்சத்தை நீங்கள் போட்டதாக வங்கிக்குக் காட்ட வேண்டும். அதற்கும் ஏஜென்ட் வழி வைத்திருப்பார்: யாரோ உங்கள் கணக்கில் பணம் போடுவார், நீங்கள் விற்பவருக்கு அனுப்புவீர்கள், விற்பவர் ரொக்கமாகத் திருப்பித் தருவார். தராவிட்டால்? எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று சொல்வீர்கள்? தந்தாலும் வம்பு: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

வங்கியை ஏமாற்றிக் கடன் வாங்குவது பழைய 420தான். 2024 ஜூலையிலிருந்து, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது, விண்ணப்பத்திலும் உங்களுடையது. ஏஜென்ட் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. கடன் தொகை கூடக் கூட அவர் கமிஷன் மட்டும் கூடும்.

இந்தப் பழக்கம் பெங்களூரில் பிறந்ததில்லை. 2008 நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில், விலையை ஏற்றிச் சொல்லாத மதிப்பீட்டாளருக்கு அடுத்த வேலை வராது என்ற நிலை இருந்தது. கடன் அதிகாரிகளே மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்க 2009-இல் அங்கே தனி நடைமுறை வந்தது.

ஏமாற்ற நினைக்காதவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். “பேங்கே இந்த விலைக்கு லோன் குடுத்துடுச்சு, அப்போ விலை சரிதான்” என்று நம்புவது. வங்கியின் மதிப்பீடும் வக்கீல் கருத்தும் வங்கிக்காக எடுக்கப்பட்டவை. சில ஆயிரம் செலவழித்து நீங்களே ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வையுங்கள். கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் அதே அடுக்குமாடியின் வேறொரு வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் அது என்ன விலைக்குப் பதிவானது என்று தெரியும். பலர் கருப்பில் கொடுத்துவிட்டுக் குறைத்துப் பதிந்திருப்பார்கள் என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு முத்திரைக் கட்டணத்துக்கான அடிமட்டம், சந்தை விலை அல்ல. சதுர அடியையும் கேளுங்கள்: படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களையும் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் 1,200 என்பார்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) சொல்வது வீட்டுக்குள் நாம் புழங்கும் கார்ப்பெட் ஏரியா.

நம்மவர்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அல்சூரில் மூன்று தலைமுறையாக இருப்போம், கன்னடம் சரளமாகப் பேசுவோம், படிக்க வராது. காத்தாவும் (சொத்து வரிக்கான மாநகராட்சிப் பதிவு) பல பத்திரங்களும் கன்னடத்தில் இருக்கும், ஏஜென்ட் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவோம். முறையான அனுமதிகள் உள்ள ஏ காத்தாவா, குறை உள்ள பி காத்தாவா என்பதே வீட்டின் விலையையும் கிடைக்கும் வட்டியையும் மாற்றிவிடும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையையாவது உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கட்டி முடிக்காத வீடு என்றால் ‘சாவி வரும்வரை இ.எம்.ஐ. நாங்க கட்டுறோம்’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பில்டர் நிறுத்தினால் வங்கி உங்களைத்தான் கேட்கும். டெல்லி சுற்றுவட்டாரத்தில் இப்படி மாட்டியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025-இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு வந்தது.

தம்பி அந்த வீட்டை விட்டுவிட்டான். ஆனால் கொடுத்த 1 லட்சம் டோக்கனும் போனது. ‘கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப’ என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். டோக்கன் கொடுத்தபோது எழுதிய 500 ரூபாய் பத்திரத்தில் அதற்கு இடம் இருந்தது, அவன் கேட்கவில்லை.