சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் வேட்டை மீன் பிடித்தல்: போலி இரையுடன் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

ஊர்க் கண்மாயில் மண்புழுவைக் கோத்துக் கெண்டை பிடித்துப் பழகியவர்களும், உயிர்த் தவளையை முள்ளில் மாட்டி விராலைக் கரைக்கு இழுத்தவர்களும் சிங்கப்பூருக்கு வந்த பிறகு முதலில் கேட்பது, இங்கே எங்கே தூண்டில் போடலாம், எந்த இரையைப் போடலாம் என்பதுதான். இங்குள்ள 17 நீர்த்தேக்கங்களும் குடிநீருக்காக நீரைச் சேர்த்து வைப்பவை. ஆகவே அவற்றில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே மீன் பிடிக்கலாம். அங்கும் புழு, இறால், மாவு உருண்டை எதையும் நீரில் இடக்கூடாது, போலி இரையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாக நினைக்கவில்லை. போலி இரை தானாக மணக்காது, நெளியாது. அதற்கு உயிர் கொடுப்பது பிடிப்பவரின் கைதான். தோமான், விரால், பீகாக் பாஸ் போன்ற வேட்டை மீன்களைப் பிடிக்க இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

முதற்படி: இடத்தை உறுதி செய்தல்

பொதுப் பயனீட்டுக் கழகம் மீன்பிடிப் பகுதிகளின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டுள்ளது. பிடோக், லோயர் சிலேத்தார், மெக்ரிட்சி, கிராஞ்சி ஆகிய நீர்த்தேக்கங்களில் அத்தகைய பகுதிகள் உண்டு. ஒரு நீர்த்தேக்கம் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அதன் கரை முழுவதும் திறந்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அறிவிப்புப் பலகை காட்டும் எல்லைக்குள் மட்டுமே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் அபராதம் விதிக்கப்படும். விதிகளும் எல்லைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், நண்பர் சொன்னார் என்பதை மட்டும் நம்பாமல், புறப்படும் முன் பட்டியலையும், கரையில் பலகையையும் நீங்களே படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மீனை அறிதல்

கருவி வாங்குவதற்கு முன் மீனை அறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்று மீன்களும் வேட்டையாடி உண்பவை என்றாலும், மூன்றின் வேட்டை முறையும் வேறு.

பீகாக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிய அயல் இனம். வால் அடியில் கண் போன்ற கரும்புள்ளி இருப்பதைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். இது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். பகல் வெளிச்சத்தில்தான் இரை தேடும். சாய்ந்து கிடக்கும் மரம், மிதவை மேடையின் நிழல், மழைநீர் வந்து சேரும் வாய் ஆகிய இடங்களில் ஒதுங்கி நின்று, சிறு மீன் கூட்டம் கடந்து போகும்போது பாயும்.

தோமான் விரால் இனத்தின் பெரிய உறவு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. விரால் இன மீன்கள் காற்றைச் சுவாசிப்பவை என்பதால், வளர்ந்த தோமான் சற்று நேரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை வாங்கிக்கொண்டு மீண்டும் அமிழும். அந்தச் சுழிப்பைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவருக்கு மீன் இருக்கும் இடத்தை மீனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அது ஓரிடத்தில் நிற்காமல் உலவும் மீன். ஆகவே சுழிப்பு எழுந்த புள்ளியிலேயே இரையை எறியாமல், அது எந்தத் திசையில் போகிறது என்பதை இரண்டு முறை எழுவதைப் பார்த்துக் கணித்து, அதன் பாதைக்குக் குறுக்கே இரை வரும்படி சற்று முன்னால் எறிய வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நன்கு அறிமுகமான விராலை மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள். புல்லும் பாசியும் அடர்ந்த ஆழமற்ற ஓரங்களில் அது பதுங்கியிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சில வேளைகளில் நீர்மட்டத்தில் மழைத்துளி விழுவதுபோல் ஓரிடம் மட்டும் கொப்பளித்துக்கொண்டே நகர்வதைக் காண்பீர்கள். அது காற்றுக்காக ஒன்றாக எழும் தோமான் குஞ்சுகளின் கூட்டம். அடியில் தாயும் தந்தையும் காவல் காக்கும். அதன் நடுவே போலி இரையை இழுத்தால் பெற்றோர் தாக்குவது ஏறத்தாழ உறுதி. பசியினால் தாக்குவதில்லை, குஞ்சுகளைக் காக்கத் தாக்குகின்றன. அந்தப் போராட்டம் நடக்கும் நேரத்தில் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இதைத் திறமை என்று கொண்டாடுவோர் இருக்கிறார்கள்; நான் அதை ஏற்பதில்லை. குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: கருவிகளைச் சேர்த்தல்

தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் கருவியே ரீல். தொடங்குவோருக்கு, கோலுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலே ஏற்றது. கோலின் மேல் அமர்ந்து, பெருவிரலால் கட்டுப்படுத்தப்படும் பெய்ட்காஸ்டிங் ரீல் துல்லியமானதுதான், ஆனால் பெருவிரல் பழகும்வரை நரம்பு சிக்கிக்கொண்டே இருக்கும். அதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 2500 அல்லது 3000 அளவு ரீல், 6½ முதல் 7 அடி வரை நீளமுள்ள நடுத்தர வலுக் கோல், 20 பவுண்டு பின்னல் நரம்பு ஆகியவை போதும். பின்னல் நரம்பை வெற்று ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் உருளையில்) நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கும். அதனால் அடியில் சில சுற்று நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிட வேண்டும்.

பின்னல் நரம்பு மெல்லியது, நீளாதது, கடிப்பதை உடனே கைக்கு உணர்த்துவது. ஆனால் கல்லிலும் பல்லிலும் உரசினால் எளிதில் அறும். ஆகையால் அதன் முனையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் முன்நரம்பு, கட்ட வேண்டும்: பீகாக் பாஸுக்கு 20 முதல் 30 பவுண்டு, கூர்மையான பற்களுள்ள தோமானுக்கு 40 பவுண்டு அல்லது அதற்கு மேல்.

போலி இரைகளில் நான்கு வகை போதும். நீர்மட்டத்தில் தெறித்து ஒலி எழுப்பும் பாப்பர், நீருக்குள் நீந்தும் மின்னோ, 7 கிராம் ஜிக்ஹெட்டில் (தலையில் எடை வைத்த முள்ளில்) கோத்த துடுப்பு வால் ரப்பர் மீன், புல்லின்மேல் சிக்காமல் ஊர்ந்து வரும் ரப்பர் தவளை. கடையில் நிறங்கள் கண்ணைப் பறிக்கும். அவை பெரும்பாலும் வாங்குபவரைப் பிடிக்கவே தீட்டப்பட்டவை என்பது என் கருத்து.

இரையைவிட முக்கியமாக நான் கருதுவது, மீனைத் திருப்பி விடுவதற்கான கருவிகள். நீள் மூக்குக் குறடு, மீனின் தாடையைப் பற்றும் பிடிப்பான், ரப்பர் பூசிய கண்ணி வலை ஆகிய மூன்றையும் முதல் நாளே வாங்குங்கள். வாங்கிய முள் ஒவ்வொன்றின் எதிர்முள்ளையும் (நுனிக்கு அருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை) குறடால் அழுத்தி மழுக்கிவிடுங்கள். மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டினால் இன்னும் நல்லது. நரம்பு தளராதவரை எதிர்முள் இல்லாத முள்ளிலிருந்து மீன் எளிதில் நழுவாது. முள் உங்கள் விரலில் ஏறினாலும் இலகுவாக வெளியே வரும். வெயில் எதிரொளிப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடியை மறக்க வேண்டாம். அது நீருக்குள் இருக்கும் மீனைக் காட்டுவதுடன், தெறித்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

நான்காம் படி: ஒரே ஒரு முடிச்சு

முடிச்சுகளின் பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. யூனி முடிச்சு ஒன்றைக் கற்றால் இரையையும் கட்டலாம், லீடரையும் இணைக்கலாம். லீடர் முனையை இரையின் வளையத்தில் நுழைத்து, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அளவுக்கு மூல நரம்பின் பக்கமாகத் திருப்பி இணையாகப் பிடியுங்கள். முனையை மீண்டும் இரையை நோக்கி வளைத்தால் ஒரு கண்ணி உண்டாகும். அந்தக் கண்ணிக்குள்ளாக, இரண்டு நரம்புகளையும் சேர்த்து, முனையை நான்கைந்து முறை சுற்றுங்கள். எச்சிலாலோ நீராலோ நனைத்த பிறகே இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசற்சூடு அதன் வலுவைக் குறைக்கும். பின்னல் நரம்பையும் லீடரையும் இணைக்க, இரண்டின் முனைகளையும் எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றாலும் மற்றதன்மேல் இதே முடிச்சைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று சேரும்படி இழுங்கள். பின்னல் நரம்பு வழுக்கும் என்பதால் அந்தப் பக்கம் எட்டுச் சுற்றுத் தேவை.

ஐந்தாம் படி: டிராக்கைச் சரிசெய்தல்

மீன் இழுக்கும்போது நரம்பு அறாமல் ரீலே நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு டிராக். நரம்பின் தாங்கு வலுவில் கால் பங்கு இழுவையில் அது நழுவத் தொடங்க வேண்டும். 20 பவுண்டு என்பது ஏறத்தாழ 9 கிலோ. அதில் கால் பங்கு 2 கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை லிட்டர் நீர்ப் புட்டி ஒன்றையும் அரை லிட்டர்ப் புட்டி ஒன்றையும் பையிலிட்டு நரம்பில் கட்டி, கோலின் வழியாக அல்லாமல் ரீலிலிருந்து நேராகத் தூக்கிப் பாருங்கள். பை மெல்லக் கீழிறங்கினால் அளவு சரி.

ஆறாம் படி: எறிதலும் இழுத்தலும்

சிங்கப்பூர் நீர்த்தேக்கக் கரைகளில் காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் இருப்பார்கள். ஒவ்வொரு முறை எறிவதற்கு முன்னும் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். இரையைக் கோலின் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, சுட்டுவிரலால் நரம்பைப் பிடித்துக்கொண்டு, ரீலின் வளைகம்பியைத் திறந்து, கோலைத் தலைக்கு மேலாகப் பின்னே கொண்டுபோய் முன்னோக்கி வீசி, கோல் கண்ணுக்கு நேர் முன்னே சாய்வாக வரும் கணத்தில் விரலை விடுங்கள். இரை வானத்தை நோக்கிப் போனால் விரலை முன்கூட்டியே விட்டீர்கள். காலடியில் விழுந்தால் தாமதித்தீர்கள். இரை நீரைத் தொட்டதும் வளைகம்பியைக் கையாலேயே மூடி, தொங்கும் நரம்பை இறுக்கிய பிறகு சுற்றத் தொடங்குங்கள். தளர்ந்த நரம்பைச் சுற்றினால் அடுத்த எறிதலில் முடிச்சு விழும்.

இழுக்கும் வேகம்தான் இரைக்கு உயிர். பீகாக் பாஸ் துரத்தும்போது இரை தப்பியோட வேண்டும்; அது தயங்கி நின்றால் மீன் ஐயுற்று விலகும். தவளை இரையில் நேர்மாறு: புல் விளிம்பில் நிறுத்தி, ஒரு சிறு அசைவு கொடுத்து, மீண்டும் நிறுத்துங்கள். விரால் நீரைக் கிழித்துக்கொண்டு அதைக் கவ்வும்போது, கை தானாகக் கோலை உயர்த்தத் துடிக்கும். அடக்கிக்கொண்டு, மீனின் எடை நரம்பில் தெரிந்த பிறகே கோலை உறுதியாக உயர்த்துங்கள். அந்த ஒரு நொடிப் பொறுமை வந்துவிட்டால் பாதி வித்தை வந்துவிட்டது.

பிடோக் நீர்த்தேக்கம் பழைய மணற்குழியிலிருந்து உருவாக்கப்பட்டு 1986 இல் நிறைவுபெற்றது. அங்கே தொலைவில் எறிவது மட்டுமே வழி என்று எண்ணாமல், கரைக்கு இணையாகவும் எறிந்து ஓரத்தை ஒட்டி இழுத்துப் பாருங்கள். வேட்டை மீன் சிறு மீன்களைக் கரை ஓரத்துக்கு நெருக்கித் தாக்குவதைக் காலை வேளையில் நான் அங்கே பலமுறை கண்டிருக்கிறேன்.

ஏழாம் படி: கரை சேர்த்தலும் திருப்பி விடுதலும்

கோலை வளைவிலேயே வைத்து, மீன் ஓடும்போது சுற்றாமல், நிற்கும்போது சுற்றி, வலைக்குள் கொண்டுவாருங்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். வெயிலில் காய்ந்த சிமெண்டுக் கரையில் மீனைக் கிடத்தாதீர்கள். தோமானின் வாய்க்குள் விரலை விடாமல், பிடிப்பானால் தாடையைப் பற்றி, மறு கையால் வயிற்றைத் தாங்கி, குறடால் முள்ளைக் கழற்றுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டுப் படம் எடுப்பது அதன் எலும்பு மூட்டைக் காயப்படுத்தும். பிறகு நீருக்குள் நிமிர்த்திப் பிடித்து, அது தானே வாலை உதைத்துப் போகும்வரை காத்திருங்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு நீர்நிலையின் மீனை இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடக்கூடாது.

வானிலை பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீர்க்கரையில் அதை உயர்த்திப் பிடிப்பவர் இடி மழையில் பேராபத்தில் நிற்கிறார். ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில் விடியலை ஒட்டிச் சுமத்ராவிலிருந்து வரும் காற்று மழை விரைவாகச் சூழக்கூடியது. முதல் இடிமுழக்கம் கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். முள் ஆழமாக உடலில் ஏறிவிட்டால் பிடுங்க முயலாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

எட்டாம் படி: வீடு திரும்பிய பின்

அறுந்த நரம்புத் துண்டு ஒவ்வொன்றையும் பையில் போட்டு எடுத்து வந்திருக்க வேண்டும். கரையில் விட்டால் பறவைகளின் காலிலும் சிறகிலும் அது சுற்றிக்கொள்ளும். இரைகளை நன்னீரில் அலசி, பெட்டிக்குள் வைக்கும் முன் முழுவதும் உலர விடுங்கள், இல்லையெனில் முட்கள் துருப்பிடிக்கும். ரீலை ஈரத்துணியால் துடைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். லீடரை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, சொரசொரப்புத் தட்டுப்படும் இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு, அடுத்த முறைக்கான முடிச்சை அன்று மாலையே போட்டுவிடுங்கள்.