சிறுநீர் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம்

"வெள்ளம் குடிச்சாதான் மூத்திரம் போவும்" என்பாள் எங்கள் பாட்டி (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்). பாதி சரி. அதே இரண்டு தம்ளர் வெள்ளத்தைக் குடித்துவிட்டு, உச்சி வெயிலில் பனை ஏறுகிறவருக்கு ஒரு கணக்கு. மார்கழி விடியலில் குளத்தில் முங்கி நிற்பவருக்கு வேறு கணக்கு. இடையில் இரத்த அழுத்தமும் நரம்பும் புகுந்து விளையாடுகின்றன. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஷட்டரை வரையுங்கள்
தாளின் நடுவே ஒரு நூல்பந்து. அதற்குள் இரத்தம் வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். பந்தைச் சுற்றி ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து வளைந்து வளைந்து போகும் நீண்ட குழல். இதுதான் நெஃப்ரான், சிறுநீரகத்தின் வடிகட்டி. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கும். உள்ளே வரும் குழாயை, பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் விடும் ஷட்டராக நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எண்களைப் போடுங்கள்
இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து நிமிடத்துக்கு 125 மில்லி நீர் இரத்தத்திலிருந்து கிண்ணத்துக்குள் வடிகிறது. 1440 நிமிடத்தால் பெருக்குங்கள்: ஒரு நாளைக்கு 180 லிட்டர்! வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எல்லாம் அந்தக் குழலிலிருந்தே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே திரும்ப உறிஞ்சுவது கொஞ்சம் மாறினாலே சிறுநீர் அளவு வெகுவாக மாறிவிடும்.

படி 3: அழுத்தம்
சராசரி இரத்த அழுத்தம் 80 முதல் 180 மி.மீ. பாதரசம் வரை எங்கே நின்றாலும் வடிகட்டும் அளவு அவ்வளவாக மாறாது. அழுத்தம் ஏறினால் ஷட்டர் தானாகச் சுருங்கிக்கொள்ளும். இதற்கு நரம்பு வேண்டாம். நரம்பு அறுபட்ட மாற்றுச் சிறுநீரகமும் இதைச் செய்கிறது. ஆனால் அழுத்தம் கூடும்போது குழல் உப்பைத் திரும்ப எடுப்பது குறையும். உப்போடு தண்ணீரும் போகும்.

படி 4: நரம்பு
பரிவு நரம்பு (அவசரத்தில் உடலை முடுக்கிவிடும் தானியங்கி நரம்பு) ஒன்றை ஷட்டர் வரை இழுங்கள். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். லேசாகத் தூண்டினால் சிறுநீரகத்தில் ரெனின் என்ற நொதி சுரக்கும். அது ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வழியாகத் தொடர்ந்து உப்பைப் பிடித்து வைக்கும். இன்னும் கொஞ்சம் கூடினால் குழலே நேரடியாக உப்பை அதிகம் உறிஞ்சும். பலமாகத் தூண்டினால்தான் ஷட்டர் இறுகி வடிகட்டுவதே குறையும். பலரும் கடைசியை மட்டும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

படி 5: மூளை
மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் உருவாகி, அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக ஏ.டி.எச். என்ற ஹார்மோன் வெளிவரும். அது கூடினால் தண்ணீர் திரும்பும். குறைந்தால் சிறுநீர் பெருகும். அவ்வளவுதான்.

படி 6: இரண்டு ஆட்களையும் ஓட்டிப் பாருங்கள்
பனையேறி: வியர்த்து இரத்தத்தின் அளவு குறைகிறது. கழுத்துத் தமனியின் அழுத்த உணரிகள் மூளைக்குச் சொல்கின்றன. பரிவு நரம்பு, ரெனின், ஏ.டி.எச். மூன்றுக்கும் மேல்நோக்கி அம்பு. சிறுநீர் கொஞ்சம், கடும் மஞ்சள். இறங்கியதும் வெள்ளம் குடித்து, நிழலில் இருந்தும் அரைநாளாகப் போகவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குளத்தில் நிற்பவர்: குளிரில் தோலின் இரத்தக்குழாய் சுருங்கும், தண்ணீரும் உடலை அமுக்கும். இரத்தம் நெஞ்சுக்குள் சேரும். இதயத்தின் மேலறைகள் விரியும்; இரத்தம் அதிகம் என்று உடல் எடுத்துக்கொள்ளும். அம்புகள் எல்லாம் கீழ்நோக்கி. கரையேறியதும் ஓட்டம்தான்.

பரீட்சைக்கு முன் முட்டிக்கொண்டு வருவதை இதில் சேர்க்காதீர்கள். அது சிறுநீர்ப்பையின் சமாச்சாரம். அதற்கு வேறு தாள் வேண்டும்.